சாம்பிள் பொட்டலில் ஆள்காட்டி

வெயில் காய்ந்த சரளைத் தரையில் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கும்போது எழும் மண்வாசனையோடு, வெடித்து முடிந்த பட்டாசின் கரிப்பும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஏழாம் வகுப்புதான். சிவகாசிக்குப் பக்கத்தில், எங்கள் விஸ்வநத்தத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், எரியும் தீக்குச்சியை ஈர மண்ணில் குத்தி அணைத்து உடனே குனிந்து முகர்ந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைத் தெளிப்பது என் வேலை. அதற்கு 'கங்கு அணைக்கிறது' என்று பெயர்.

அப்பா பட்டாசு செய்பவர் அல்லர். ஏழாயிரம்பண்ணை வரைக்கும் பரவிக் கிடந்த சின்னச் சின்னக் கம்பெனிகளில் சரக்கு வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு லோடு அனுப்புபவர். சரக்கெல்லாம் ஊருக்கு வெளியே குடோனில் இருக்கும். வீட்டுக்கு வருவது ஒரு மஞ்சள் பையில் அடங்கும் சாம்பிள் மட்டும். எந்தக் கம்பெனியிலிருந்து எது வந்தாலும், பெட்டியின் நடுவிலிருந்து உருவிய ஒன்றை அன்றைக்கே வெடித்துப் பார்த்துவிட்டுத்தான் லோடு ஏற்ற வேண்டும் என்பது அப்பா வைத்திருந்த சட்டம். சட்டத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய தீபாவளியில், நாங்கள் அனுப்பிய பூச்சட்டி ஒன்று பூவாகச் சொரியாமல் குண்டாக வெடித்து, திருச்சிப் பக்கம் ஒரு கடைக்காரருடைய மகனின் உள்ளங்கையைப் புண்ணாக்கியது. அப்பா பஸ் ஏறிப் போய் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார். சட்டம் மறுநாள் அமலுக்கு வந்தது.

வெடித்துப் பார்க்கும் இடம் எங்கள் வீட்டுக்கு மேற்கே, கொல்லைச் சுவருக்கும் வேலிக்கருவைப் புதருக்கும் இடையில் கிடந்த வெறும் பொட்டல். ஊருக்கு அது இன்னாருடைய நிலம். எங்கள் வீட்டுக்கு 'சாம்பிள் பொட்டல்'. வெடித்துப் பார்ப்பவர் சித்தப்பா. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு முழ நீள ஊதுவத்தியைப் பற்ற வைத்து, பொட்டலின் கோடியில் கிடந்த அரைச் செங்கல்லின் மேல் சாம்பிளை வைத்துவிட்டு, நாலு திசையும் கேட்கும்படி "பத்த வைக்கேன்" என்று குரல் கொடுப்பார். ஆடு மேய்ப்பவர்கள் நிற்பார்கள், சைக்கிள்காரர்கள் காலை ஊன்றிக்கொள்வார்கள், அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்துவாள். பிறகு திரி சீறும்.

வெளியூர்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள், சிவகாசி நாய்கள் வெடிச் சத்தத்துக்குப் பழகியவை என்று. தவறு. எந்த நாயும் பழகுவதில்லை; எங்கே வெடிக்கும் எப்போது வெடிக்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டு அந்தப் பக்கம் வராமல் இருந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் ஒரு ஆள்காட்டிப் பறவைக் குடும்பம்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊரெல்லாம் சிவகாசிக்குப் போய்த் திரும்பி, கடைகள் மறுபடி திறந்த பின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் ஊரில் காலண்டருக்குப் பஞ்சமில்லை என்பதால் என் படுக்கைக்கு மேலேயே ஒன்று தொங்கியது, அதில் அந்தச் செவ்வாயின் கட்டத்தில் பென்சிலால் நான் வைத்த புள்ளி இன்றும் கண்ணில் நிற்கிறது. வாளியோடு கங்கு அணைக்கப் போனவள், பொட்டலின் நடுவில் ஒரு பறவை தலையைத் தாழ்த்தி, கழுத்தைச் சுருக்கி, நீண்ட மஞ்சள் கால்களால் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்தேன். தொலைவுக்குப் போன பிறகுதான் பறந்தது, பறந்த பிறகுதான் கத்தியது. எங்கள் பக்கத்தில் அதை 'ஆக்காட்டி' என்போம். அதன் கூப்பாடு எங்கள் காதுக்கு 'எதுக்கு வந்தே, எதுக்கு வந்தே' என்று கேட்கும்.

அது ஓடத் தொடங்கிய இடத்தைக் குறிவைத்து நடந்தேன். கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. தரையில் உள்ளங்கை அளவு பள்ளம், அதைச் சுற்றிப் பொறுக்கி வைத்த சரளை, கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை, எங்கள் சரவெடியின் சிவப்புக் காகிதத் துணுக்குகள். நடுவில் கூர்முனைகள் உள்நோக்கிச் சேர நாலு முட்டைகள், மண்ணின் நிறத்தில், மை உதறியதுபோல் கறுப்புத் திட்டுகளோடு. கண்ணை ஒருமுறை சிமிட்டினால் முட்டைகள் மறைந்து கல்லாகிவிடும். மறுபடி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆக்காட்டி வீட்டுப்பக்கம் கத்துனா ஆகாதும்பாக. அதுக்கு முட்ட வைக்க வேற எடமா இல்ல?" என்றாள்.

சித்தப்பாவுக்குக் குஷியாகிவிட்டது. "மதினி, அது வானம் இடிஞ்சு விளுந்திரும்னு காலத் தூக்கிக்கிட்டுத் தூங்குற சாதி. நம்ம அணுகுண்டுக்கெல்லாம் அசையாது," என்றார்.

"நீரு பாத்தீரோ, காலத் தூக்கிக்கிட்டுத் தூங்குனத?"

"நான் தூங்கையில அது பாத்திருக்கும்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். இந்த முறை இரண்டு பறவைகளும் வந்தன. ஒன்று அப்பாவின் தலைக்கு நேராகப் பாய்ந்து, கடைசி நொடியில் திரும்பியது. அவர் தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. மற்றது சற்றுத் தள்ளி ஒரு இறக்கை ஒடிந்துவிட்டதுபோல் தரையில் இழுத்து இழுத்து நடந்து, எங்களை அந்தப் பக்கம் கூப்பிட்டது. அப்பா துண்டை எடுத்து உதறினார். வெடித்துச் சிதறிய காகிதத்தையும் முட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெடிக்காரன் வீட்டுப் பின்னால முட்ட வெந்து போச்சுன்னு பேரு வேண்டாம். நாளையிலருந்து சாம்பிளக் கம்மாய்க் கரையில போட்டுப் பாருங்க," என்றார்.

எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. உலகத்தில் சத்தத்துக்குப் பயப்படும் ஒவ்வொரு உயிரும் எங்களால்தான் பயப்படுகிறது என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. யாராவது ஊரில் குழந்தை அலறியது, பசு கன்றை விட்டு ஓடியது என்று சொன்னால் அப்பா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் வெடியை நிறுத்துவதுதான் கருணை என்பதில் வீட்டில் ஒருவருக்கும் ஐயமில்லை. எனக்கும் இல்லை. மறுநாளிலிருந்து சித்தப்பா மஞ்சள் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனார். எனக்குக் கங்கு அணைக்கும் வேலை போய், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துப் பொட்டலைப் பார்க்கும் வேலை வந்தது.

நான் பிற்காலத்தில் பறவைகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள்தான். ஆனால் அடைகாத்தல் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டது அந்தச் சுவரின் மேல்தான். கோழி அடைகாப்பது சூடு கொடுக்க. சித்திரை நெருங்கும் எங்கள் ஊர்ப் பொட்டலிலோ சூட்டை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அதிலிருந்து காப்பாற்றுவதுதான் பாடு. உச்சி வெயிலில் ஆள்காட்டி முட்டைகளின் மேல் உட்காராது, நிழல் விழும்படி நிற்கும். அலகு திறந்து, தொண்டை துடிக்க நிற்கும். முறை மாற்ற வரும் மற்றது கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகளின் மேல் அமரும். கண்மாயில் அது வயிற்றை அமுக்கி உட்கார்ந்ததைச் சித்தப்பா பார்த்தார், இங்கே ஈர வயிற்றோடு வந்து இறங்கியதை நான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துவைத்தது எங்கள் இரவுச் சாப்பாடு.

அமைதியான பொட்டலில் பறவைகள் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் இரண்டொரு நாள் அப்படித்தான் தோன்றியது. வார இறுதிக்குள் கூப்பாடு கூடிவிட்டது. காலையில் கத்தின, நடுப்பகலில் கத்தின. எதற்கென்று பார்த்தால், டீக்கடைப் பக்கம் படுத்திருக்கும் செவலை நாய் வேலிக்கருவை ஓரமாக மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். பறவைகள் இரண்டும் சேர்ந்து அதன் முதுகில் விழுந்து விழுந்து விரட்டும். போகும். மறுபடி வரும், முந்தினதைவிட நாலடி உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அம்மா கத்தினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட வந்தவள் கையிலிருந்த சட்டியோடு தண்ணீரை நாயின் மேல் வீசியிருந்தாள். ஆள்காட்டி ஆகாது என்று சொன்ன அதே அம்மா. நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது பள்ளத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. நாலாவது, ஓடும் மஞ்சளுமாகச் சரளையில் கிடந்தது. பறவை திரும்பி வந்து, அந்த ஈரத்தைச் சுற்றி நடந்து, ஒரு ஓட்டுத் துண்டை அலகால் எடுத்துக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மிச்ச மூன்றின் மேல் உட்கார்ந்தது.

அன்று சித்தப்பா வேலிக்கருவை முள்ளை வெட்டிப் பள்ளத்தைச் சுற்றி அடைத்தார். ஆள்காட்டி உள்ளே போக மறுத்துவிட்டது. முள்ளுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருந்தது. முட்டைகள் வெயிலில் கிடந்தன. முள்ளை எடுத்த பிறகுதான் போய் உட்கார்ந்தது. நாயைக் கட்டிப்போட அது யாருடைய நாயும் அல்ல. மறுநாள் காலை கிளம்பும் நேரத்தில், நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன், பொட்டலில் உட்கார்ந்து காவல் காப்பேன் என்றேன். முழுப்பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"பரீட்சைக்குப் போகாம முட்ட காக்கப் போறியா? போ. நாளைக்கு அந்த ஆக்காட்டி வந்து ஒனக்கு மார்க்குப் போடும்," என்றாள் அம்மா. அப்படியே திரும்பி, வாசலைக் கடந்து போகும் செவலையைப் பார்த்து, எரிச்சலில் ஒரு கேள்வி கேட்டாள்: "சனியன், இத்தன வருசமா இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கல. இப்ப என்ன வந்துச்சு இதுக்கு?"

எல்லாரும் வேறு வேலை பார்த்தோம். நான் சட்டையில் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் கை நின்றுவிட்டது. என்ன வந்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எதுவும் வரவில்லை, ஒன்று போயிருந்தது.

சித்தப்பாவிடம் போய், சாம்பிளை மறுபடி பொட்டலிலேயே போடச் சொன்னேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, ஆக்காட்டிக்குக் காது வலிக்கும்னு என்னயக் கம்மாய்க்குத் தொரத்துனீக. இப்ப வெடி போட்டுக் குஞ்சு பொரிக்கச் சொல்லுதீகளாக்கும்?"

"நாய் வெடிக்குப் பயந்துதான் அங்கன வராம இருந்துச்சு, சித்தப்பா. அதுக்காகத்தான் ஆக்காட்டி அங்கன முட்ட வச்சிருக்கு."

"அது ஒன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"நாம நிறுத்துன பொறகுதான நாய் வந்துச்சு?"

வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். இந்த உலகத்தில் ஒருவருக்கு எங்கள் வெடி உதவியாக இருக்கக்கூடும் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. "இன்னைக்கு ஒரு நாள் போட்டுப் பாரு. மேல போறது எதும் வேண்டாம், கங்கு விளும். கோடியில வச்சு, சின்னச் சரம். முதல்ல குருவி வெடி," என்றார்.

"குருவிக்குக் குருவி வெடி," என்றார் சித்தப்பா. அம்மா முதல்முறையாகச் சிரித்தாள்.

அந்தச் சாயங்காலம் நாங்கள் எல்லாரும் மொட்டை மாடியில் நின்றோம். கோடியில் அரைச் செங்கல், அதன் மேல் குருவி வெடிச் சரம். "பத்த வைக்கேன்" என்று சித்தப்பா கூவியதும் ஆள்காட்டி தலையை ஒருமுறை உயர்த்திப் பார்த்தது. திரி பற்றியது. சரம் வெடித்த அவ்வளவு நேரமும் அது முட்டைகளின் மேல் இன்னும் கொஞ்சம் அமுங்கி, தட்டையாக, ஒரு கல்லைப்போல் இருந்தது. ஓடவில்லை, கத்தவில்லை. கடைசி வெடி அடங்கியதும் அலகால் மார்பு இறகைக் கோதியது. தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் செவலை எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நாய் போனது நான் கண்ணால் கண்டது. அதன்பின் அது பொட்டலுக்கு வராததும் கண்டது. அந்தப் பறவை இதையெல்லாம் தெரிந்துதான் எங்கள் பொட்டலைத் தேர்ந்தெடுத்தது என்பது மட்டும் என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுகிறேன். ஆனால் அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சித்திரை பிறந்து, பரீட்சை முடிந்து, லீவு விட்டாயிற்று. ஒரு காலை முட்டைகள் இருந்த இடத்தில் ஓடுகள்கூட இல்லை. சுற்றிலும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாயின் வயிற்றுக்கு அடியில் பல கால்கள் தெரிந்தன. மூன்று குஞ்சுகள். ஆள்காட்டிக் குஞ்சு கூட்டில் வாய் பிளந்து கிடப்பதில்லை. ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்து, தன் இரையைத் தானே கொத்தும். பஞ்சு உருண்டைக்கு இரண்டு ஈர்க்குச்சி குத்தி வைத்ததுபோல் அவை பொட்டல் முழுவதும் ஓடின. பெற்றோர் ஒரு குரல் கொடுத்தால் மூன்றும் இருந்த இடத்திலேயே படுத்துவிடும். படுத்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

இதில்தான் ஆபத்து என்பதை முதலில் சொன்னவர் சித்தப்பா. "முட்ட இருந்த எடத்துலயே கெடந்துச்சு. இதுக எங்கன கெடக்குன்னு எப்படித் தெரியும்? நான் குரல் குடுத்தா ஆடு நிக்கும், ஆளு நிக்கும். இதுகளும் நிக்கும். திரிக்குப் பக்கத்துலயே நிக்கும்," என்றார். வெடிக்காமல் விட்டால் நாய், வெடித்தால் இது.

அதற்காக ஏற்பட்டதுதான் துண்டு. நான் மொட்டை மாடியில் நிற்க வேண்டும். மூன்று குஞ்சுகளையும் கண்ணால் கண்டு, மூன்றும் செங்கல்லுக்குத் தொலைவில் இருந்தால் அப்பாவின் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். துண்டு தூக்கினால்தான் ஊதுவத்தி திரிக்குப் போகும். சித்தப்பா கீழிருந்து அண்ணாந்து பார்ப்பார். நான் மெதுவாகத் தேடுவேன். "கலெக்டரம்மா கையெழுத்துப் போட இம்புட்டு நேரமா?" என்பார். ஒருநாளும் துண்டுக்கு முன்னால் பற்ற வைத்ததில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதிதாக ஒரு கம்பெனியின் பூச்சட்டி. மாலையில் சாம்பிள் பார்த்ததும் குடோனில் லோடு ஏற்றி, வேன் இரவே கிளம்ப வேண்டும். வெறும் வேன் எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் அண்ணாச்சி இறங்கி வந்து கொல்லைச் சுவரில் சாய்ந்துகொண்டார். சித்தப்பா செங்கல்லின் மேல் பூச்சட்டியை வைத்துவிட்டு, தள்ளி வந்து நின்று, என்னைப் பார்த்தார். இரண்டு குஞ்சுகள் வேலிக்கருவை நிழலில் மேய்ந்தன. மூன்றாவதைக் காணவில்லை.

பொட்டலைக் கோடு கோடாகப் பிரித்துத் தேடினேன். பறவைகள் இரண்டும் சித்தப்பாவின் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. ஊதுவத்தி பாதி எரிந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, யாருக்குக் காத்திருக்கீக?" என்றார் டிரைவர்.

"மூணாவது குஞ்சு வரல."

"எந்தக் குஞ்சு?"

"ஆக்காட்டிக் குஞ்சு."

டிரைவர் என்னையும் துண்டையும் செங்கல்லையும் பார்த்தார். அப்பா வந்ததும், "மொதலாளி, விடியுமுன்ன நான் திருச்சி தாண்டணும். ஒரு நாள் சாம்பிள் பாக்காம ஏத்துனா என்ன?" என்றார்.

அப்பா "அது ஆகாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பையனின் உள்ளங்கையை அவர் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப பத்த வைக்கச் சொல்லுங்க. ஒரு பூச்சட்டி, அர நிமிசம். குஞ்சு ஓடிரும்."

"ஓடாது. படுத்துக்கிடும்," என்றார் சித்தப்பா.

அப்பா அண்ணாந்து பார்த்தார். "என்ன பாப்பா?"

"ஒண்ணு காணல, அப்பா." என் கையில் துண்டு கனத்தது. தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும், வேன் கிளம்பிவிடும், யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. மறுபடி தேடினேன். காணவில்லை.

அப்பா செங்கல்லின் மேலிருந்த பூச்சட்டியைப் பார்த்தார். கடைக்காரருக்குக் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், காணாத குஞ்சு ஒரு பக்கம். பிறகு, "அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டுப் படுங்க. லோடு நாளைக்குப் போகட்டும். கடைக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன்," என்றார். சித்தப்பா ஊதுவத்தியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பூச்சட்டியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து, சுவர் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

ஆள் விலகியதும் பறவைகளின் கூப்பாடு அடங்கியது. தாய் இறங்கி, தொண்டைக்குள் வேறொரு சின்னக் குரல் கொடுத்தது. அரைச் செங்கல்லின் நிழலில், பூச்சட்டிக்கு ஒரு சாண் தள்ளி, சரளைக் கல் என்று நான் பலமுறை கண்ணால் கடந்துபோன ஒன்று எழுந்து நின்றது. இரண்டு ஈர்க்குச்சிக் கால்களை உதறிக்கொண்டு தாயிடம் ஓடியது.

டிரைவர் அண்ணாச்சி சுவரை விட்டு நிமிர்ந்தார். "இம்புட்டு நேரமும் அங்கனதான் கெடந்துச்சா?" சித்தப்பா தன் ஊதுவத்தியின் கரிந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிடப் போனார். அன்று சாப்பிட்டுக்கொண்டே நிறையப் பேசினார்.

மறுநாள் சாம்பிள் பார்த்தோம். பூச்சட்டி நன்றாகவே பூத்தது. லோடு போயிற்று. அடுத்த மழைக்குப் பிறகு ஒரு காலையில் ஆள்காட்டிகள் மூன்றையும் நடத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் கிளம்பின. குறுக்கே ரோடு. சித்தப்பா ரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, கம்பெனி வேன் ஒன்றையும் டவுன் பஸ்ஸையும் நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த ஒரே எச்சரிக்கையைக் கொடுத்தார்: "பத்த வைக்கேன்." பஸ்ஸில் இருந்த எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குஞ்சுகள் ரோட்டைக் கடந்தன.

இந்தச் சித்திரையில் விஸ்வநத்தம் போயிருந்தேன். நான் இப்போது சூலக்கரையில் குடியிருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத தூரத்தை வருஷத்துக்கு இரண்டு முறைதான் கடக்கிறேன். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சாம்பிள் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. மாலையில் அந்த வாசனை வருவதில்லை. பொட்டலை யாரோ வாங்கி, ஆளுயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டு, உள்ளே எதுவும் கட்டாமல் போட்டிருக்கிறார்கள். நாய்கள் சுவருக்கு வெளியே படுத்திருக்கின்றன.

சித்தப்பா அந்த வீட்டில்தான் இருக்கிறார். அவ்வளவு வருஷத்து வெடிச் சத்தம் அவருடைய காதை முழுசாக வாங்கிக்கொண்டது. பேத்தி காதருகில் கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். இழந்ததைப் பற்றிக் கேட்டால், "தொழிலுக்குக் குடுத்தது" என்று முடித்துவிடுவார்.

அன்று சாயங்காலம் மாடியில் காயப்போட்ட துணி எடுக்கப் போனேன். சுற்றுச்சுவருக்கு உள்ளிருந்து வந்தது அந்தக் கூப்பாடு, 'எதுக்கு வந்தே, எதுக்கு வந்தே'. கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துப் பார்த்தேன். ஆள்காட்டிகள் அழிந்துவிட்டன என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு எடுப்பாக இருக்கும்; உண்மையாக இருக்காது. சரளைத் தரையில் ஒரு ஜோடி நின்றது. பக்கத்தில் ஒரு குஞ்சு ஓடியது, பிறகு இன்னொன்று.

கீழே கொல்லையில் சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் பறவை கத்திக்கொண்டு போனது அவருக்குக் கேட்கவில்லை. நான் சுவரில் தாடையை வைத்து நிற்கும் விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். கையைத் திருப்பி, என்ன என்பதுபோல் கேட்டார். இரண்டு விரல் காட்டினேன். தலையை ஆட்டி, மூன்று விரல் காட்டினார். தேடு என்று அர்த்தம்.

அப்பாவின் துண்டு எப்போதோ கிழிந்து போயிற்று. கொடியிலிருந்து உருவிய ஒரு வெள்ளைத் துண்டு என் தோளில் கிடந்தது. பொட்டலைக் கோடு கோடாகப் பிரித்து, ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சித்தப்பா கீழே அசையாமல் நின்றார். துண்டு தூக்கும்வரை அவர் நிற்பார், கண்ணால் காணாமல் நான் தூக்க மாட்டேன்.